எங்க ஊர்ப் பையன்

மகனுக்கு,

இந்த ஒரு சொல்லை எழுதுவதற்குள் இரண்டு காகிதம் வீணாகிவிட்டது. இத்தனை வருஷமாக உனக்குப் போட்ட கார்டுகளில் எல்லாம் 'பெரிய வீட்டுத் தம்பிக்கு, சித்தப்பா எழுதிக்கொண்டது' என்றுதான் தொடங்கியிருக்கிறேன். கார்டைத் தபால்காரன் படிப்பான், அவன் படித்தால் ஊரே படித்த மாதிரி. அதனால் இந்தத் தடவை கவர் வாங்கி வந்தேன். ஒட்டிவிட்டால் உன்னைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. அப்படியும் 'மகனுக்கு' என்று எழுதியபோது, கடையில் முதலாளி வரும் நேரம் பார்த்துத் தூங்கியவன் மாதிரி வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். எழுபது வயதை நெருங்கிவிட்டேன். பெற்ற பிள்ளையை மகன் என்று எழுத இன்னும் யாருக்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நீ விளையாட்டை விட்டுவிட்டாய் என்பதை நீ எனக்குத் தெரிவிக்கவில்லை. புதுக்கோட்டைக் கீழராஜவீதி ஜவுளிக்கடைக்கு இன்னமும் தினம் பஸ்ஸில் போய்க் கணக்கு எழுதிவிட்டுத்தான் வருகிறேன். அங்கே தங்கச்சி கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த ஒரு காலேஜ் பையன் சொல்லித் தெரிந்தது. மதுரையில் உங்கள் மில் மைதானத்தில் உனக்கு மாலை போட்டார்களாம், போட்டோ எடுத்தார்களாம், நீ 'முட்டி ஒத்துழைக்கல' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாயாம். இப்போது உன்னை நூல் குடோனுக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்களாம். அந்தப் பையன் உன் ஆட்டத்தைப் பற்றிக் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான். நான் அவனுக்குத் துணியை மடித்துக்கொடுத்துக்கொண்டே கேட்டேன். அது என் வேலை இல்லை, ஆனால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

நீ பிறந்தபோது நான் பர்மாவில் இருந்தேன். கடைக்கென்று போனால் மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வருவதுதான் நம் ஆட்களின் வழக்கம். நான் வந்து இறங்கியபோது நீ நடந்து வந்து என் வேட்டியைப் பிடித்தாய், யார் என்று தெரியாமலே. உன்னைப் பெற்ற ஆத்தா உள்ளேயிருந்து, 'அப்பச்சிடா' என்று சொன்ன பிறகுதான் வேட்டியை விட்டுவிட்டு ஓடினாய். யுத்தம் வந்தது, பர்மாக் கடை போனது, மாற்று வேட்டிகூட இல்லாமல் கப்பலேறி வந்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைத் தினமும் பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. அந்த ஆறேழு வருஷத்தில் நீ வளர்ந்த வேகம் இருக்கிறதே, பிள்ளை வளர்கிற மாதிரி தெரியவில்லை, வெயிலில் முருங்கை வளர்கிற மாதிரி இருந்தது. உயரம் ஆத்தா வழி. நான் குட்டை. நம் வீட்டு வாசல்நிலைகள் எல்லாம் என் அளவுக்குக் கட்டியவை. உன் நெற்றியில் வீக்கம் இல்லாத நாளே கிடையாது. ஆத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவாள். அப்புறம் நீயாகவே எங்கே போனாலும் குனிந்து நடக்கப் பழகிக்கொண்டாய்.

புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் உன் டிரில் மாஸ்டர் கூடைப்பந்துக்கென்று ஒரு பனைமரத் துண்டை நட்டு, அதில் பலகை அடித்து, பீப்பாய்க்குப் போடுகிற இரும்பு வளையத்தை மாட்டியிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது வேலியோரம் நின்று பார்த்தேன். நீ பந்தை அந்த வளையத்தில் போடுகிறாய், அது கீழே விழுகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சந்தோஷப்படுகிற மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து உன்னைக் கேலி செய்தேன். நீ கோபித்துக்கொள்ளாமல், 'கீழ விழுந்தாத்தான் அப்பச்சி கணக்கு' என்றாய். கணக்கு எழுதுகிறவனுக்கு அது விளங்கவில்லை.

உன்னைக் கொடுத்தது புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். கடைத்தெருவில் எல்லோரும் இனிமேல் நாம் யாருக்குக் குடிகள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் நடந்த பேச்சு வேறு. பெரிய வீட்டு அண்ணன், என் பங்காளி, பிள்ளையில்லாமல் இறந்து போயிருந்தார். பிள்ளையில்லாமல் ஒரு வீடு முடிந்துபோகக் கூடாது என்று பங்காளி வீட்டுப் பிள்ளை ஒன்றைத் தன் பிள்ளையாகக் கூட்டிக்கொள்வது நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. அவருடைய மனைவி ஆச்சி உன்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். பணத்துக்காக இல்லை என்று முழுசாகச் சொன்னால் பொய்யாகிவிடும். பர்மா போன பிறகு நம் வீட்டில் அடுப்பு எரிவதே பெரிய விஷயமாக இருந்தது, உனக்குத் தெரியும். உன் அண்ணன் பெரியவனை மலாயாவுக்கு ஒரு கடையில் சேர்த்துவிட்டு, உன்னைக் காலேஜில் படிக்க வைக்க வழி தெரியாமல் நின்றேன். ஆச்சி படிக்க வைப்பேன் என்றார். நான் சரி என்றேன். ஆத்தா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: 'அவனக் கேட்டீங்களா?' சின்னப் பையனை என்ன கேட்பது என்றேன். நீ அப்போது என்னைவிட இரண்டு சாண் உயரமாக இருந்தாய்.

சடங்கு நடந்த அன்று உனக்குப் பட்டு உடுத்தி, ஆத்தாவும் நானும் உன் கையைப் பிடித்து ஆச்சியின் பக்கத்தில் உட்கார வைத்தோம். அந்த மணையில் உட்காரும்போது முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடித்துக்கொண்டாய், அதற்குச் சிலர் சிரித்தார்கள். எழுந்தபோது ஆச்சி உனக்கு ஆத்தா, நான் சித்தப்பா, உன்னைப் பெற்றவள் சின்னாத்தா. ஒரே தெருதான், நாலு வீடு தள்ளித்தான். நாலைந்து நாள் கழித்து ஏதோ வேலையாகப் பெரிய வீட்டுக்கு வந்தேன். நீ முகப்பில் நின்றாய். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். என் வாயில், 'சாப்டீங்களா தம்பி?' என்று வந்துவிட்டது. பெரிய வீட்டுப் பிள்ளைக்குத் தரவேண்டிய மரியாதை என்று நாக்கு தானாகவே முடிவு செய்துவிட்டது போல. நீ என்னைப் பார்த்தாய். 'சாப்ட்டேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். நீ என்னை எதற்காவது மன்னிக்காமல் வைத்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இதைவிடப் பெரியது ஒன்றைச் செய்தேன்.

திருச்சியில் நீ காலேஜ் படித்ததும், காலேஜ் டீமில் சேர்ந்ததும், படிப்பு முடிவதற்குள் மதுரை மில்லில் விளையாட்டுக்காகவே வேலை கொடுத்துக் கூப்பிட்டதும் எனக்குக் காதுவழியாக வந்த சேதிகள். ரிஜிஸ்டரில் கிளார்க்கு, ஆனால் பேனாவைத் தொடுவதில்லை, காலையும் மாலையும் பந்துதான் என்று கேள்விப்பட்டபோது, இப்படியும் ஒரு உத்தியோகமா என்று சிரித்தேன். ஆச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. மலாயாவில் பெரிய வீட்டுக்குக் கடை இருந்தது, அதைப் பார்க்க ஆள் இல்லை, அதற்குத்தானே பிள்ளை. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் குதிப்பதற்கா பிள்ளை கூட்டினேன் என்று என்னைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். கேட்டது நியாயம்தான். கடைசியில், திருச்சியில் உங்கள் மில் டீம் ஆடுகிறது என்று தெரிந்து, என்னை அனுப்பினார். 'கப்பலுக்குச் சொல்லியாச்சு. இந்தத் தடவ வரலன்னா எனக்குப் புள்ள இல்லன்னு சொல்லிருங்க' என்பது சேதி.

இங்கிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து கீரனூர் வழியாகத் திருச்சி. பஸ் போகிற வழியெல்லாம் உன்னிடம் எப்படிப் பேசுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த கீரனூர்க்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மைதானத்தில் சரியான கூட்டம். ஆட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் கூட்டத்துக்குள் நுழைந்து எக்கி எக்கிப் பார்த்தேன். நீ ஓடுவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். எனக்கு ஆட்டம் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். நீ நிமிர்ந்து நின்றாய். வீட்டில், தெருவில், கோயிலில், எங்கேயும் தலையைத் தாழ்த்திக்கொண்டே திரிந்த பிள்ளை, அங்கே முதுகை நிமிர்த்தி, கையை மேலே தூக்கி, இடிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றாய். உன் உயரம் எவ்வளவு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் யாரோ உன்னைத் தள்ளிவிட்டான், விசில் ஊதினார்கள், உன்னைத் தனியாகக் கோட்டில் நிறுத்திப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். இதில் விழுந்தால் ஜெயிப்பு என்று சுற்றிலும் பேசிக்கொண்டார்கள். இரண்டு கையாலும் பந்தைத் தாழ்த்தி எடுத்து நீ மேலே விட்டபோது எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. முன்னால் நின்றவருடைய சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் அதைக் கவனித்துவிட்டு, 'அந்த நெட்டப் பையன் ஒங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டார்.

யோசிக்கக்கூட இல்லை. 'எங்க ஊர்ப் பையன்' என்றேன்.

அந்த மனுஷன் யார் என்று எனக்குத் தெரியாது, என்னை யாரென்று அவருக்கும் தெரியாது, திருச்சியில் அந்தக் கூட்டத்தில் நம் சனம் ஒருவர்கூட இல்லை. என் மகன் என்று சொல்லியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்த ஒரு கைகுலுக்கலை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாய். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். நீ பார்த்தாயா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சேதியை உன்னிடம் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்ற பிள்ளையிடம் போய், வா, வந்து கடையில் குனிந்து உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்து, சொன்னேன், கேட்க மாட்டேன் என்கிறான் என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஆச்சி இரண்டு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தார் அல்லவா, நீ வந்து வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாய் அல்லவா, அதற்கு நீ காரணம் இல்லை. கப்பலுக்குச் சொல்லி வைத்திருந்தது உனக்குத் தெரியவே தெரியாது. உனக்கு நான் செய்த நல்லது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் பழியை உன் தலையில்தான் வைத்திருக்கிறேன் பார்.

ஆத்தாவுக்கு உன் ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. நீ கேப்டன் ஆனதும், டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் போய் ஆடியதும் பேப்பரில் வரும். கடைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக்கொண்டுபோய்க் கொடுப்பேன். போட்டோவில் நீ எப்போதும் பின்வரிசைதான். ஒரு நாள், 'அது என்னதான் வெளையாட்டு, வெவரமாச் சொல்லுங்க' என்றாள். வாயால் சொல்லி அவளுக்கு விளங்கவில்லை. பழைய ஓலைக் கூடை ஒன்றை, கொட்டானை, எடுத்து, அதன் அடியை அரிவாள்மணையில் அறுத்து, நெல் பத்தாயத்துக்கு மேலே ஆணியில் மாட்டினேன். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அதற்குள் போட்டுக் காட்டினேன். அது கீழே விழுந்து உருண்டது. நல்ல கொட்டானைக் கெடுத்ததற்கு முதலில் என்னைத் திட்டினாள். அப்புறம் பழத்தை எடுத்து அவளே போட்டாள். விழவில்லை. இன்னொரு தரம் போட்டாள். அன்றைக்கு உலையில் சோறு குழைந்து கஞ்சியாகிற வரைக்கும் இரண்டு பேரும் எலுமிச்சம்பழம் எறிந்துகொண்டிருந்தோம். விழ விழ அவள் முகத்தில் வந்த சிரிப்பை, கல்யாணமான புதுசில்கூட நான் பார்த்ததில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே, 'இவ்வளவு செரமமாடா ஒனக்கு' என்று கொட்டானைப் பார்த்துச் சொன்னாள். உன்னிடம் நேரில் 'டா' போட்டுப் பேசி அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

உன்னை இந்தியா டீமில் எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டதே, அந்த வருஷம் அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போனாள். எடுக்கவில்லை என்று நான் வந்து சொன்னபோது, விளையாட்டைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். பெங்களூரில் குதித்து இறங்கும்போது உன் முட்டி பிசகிய சேதியை அவளிடம் நான் சொல்லவே இல்லை. அதற்குள் அவளுக்கே உடம்பு முடியாமல் போயிருந்தது.

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம் அவள் போனாள். அந்த நாளைத்தான் எழுத வேண்டும், அதற்குத்தான் இத்தனை சுற்றிக்கொண்டு வருகிறேன். பெரியவன் மலாயாவிலிருந்து வந்து சேர வழியில்லை. நீ ஏதோ போட்டிக்குப் போன இடத்திலிருந்து நேராக வந்தாய், டீம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, முட்டியில் கட்டு, நொண்டிக்கொண்டே சுடுகாடு வரைக்கும் நடந்தாய். தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன் வைப்பான். பிறப்பின்படி பார்த்தால் அது உன்னுடையது. கொள்ளி யார் வைப்பது என்று கேட்டபோது நீ கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றாய். பெரிய வீட்டு ஆச்சியின் பிறந்தவீட்டு ஆட்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். கொடுத்த பிள்ளையைக் கொள்ளி வைக்கச் சொன்னால், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று பேசுவார்கள், உயிரோடிருக்கிற ஆச்சிக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. உன் முகம் தெரியவில்லை.

'தள்ளி நில்லுப்பா. நீ பெரிய வீட்டுப் புள்ள' என்றேன்.

நீ தள்ளி நின்றாய். நானே வைத்தேன். கூட்டத்துக்குப் பின்னால் எல்லோருடைய தலைக்கும் மேலே உன் தலை தெரிந்துகொண்டே இருந்தது. நெருப்பைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று சாயங்காலப் பஸ்ஸில் போனவன்தான், அதற்கப்புறம் நீ இந்த ஊருக்குள் காலடி வைக்கவில்லை. ஆச்சியை அவ்வப்போது மதுரைக்கு வரவழைத்துப் பார்த்துக்கொள்கிறாய். உனக்குக் கல்யாணம்கூட மதுரையிலேயே நடந்தது. பங்காளி வரிசையில் நானும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நீ விழுந்து கும்பிட்டபோது சித்தப்பா கொடுக்கிற அளவுக்கு விபூதி கொடுத்துவிட்டு வந்தேன். உன் மகளை நான் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது குடோனில் உட்கார்ந்திருக்கிறாய். முப்பத்துநாலு வயதில் ஒரு வாழ்க்கை முடிந்து போயிற்று என்று நினைக்கிறாயாம், சாயங்காலம் பந்துச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலை மூடிவிடுகிறாயாம், இதையும் அந்தக் காலேஜ் பையன்தான் சொன்னான், அவனுடைய அண்ணன் உங்கள் மில்லில் வேலை பார்க்கிறானாம். மற்ற விஷயங்களில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதில் இருக்கிறது. உயிருக்கு உயிராக வைத்திருந்த ஒன்றைக் கையை விட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் அது வேறு கைகளில் இருப்பதைக் கூட்டத்தில் நின்று பார்ப்பது எப்படி என்று என்னைக் கேள். இருபது வருஷமாக அதுதான் என் உத்தியோகம். வலிக்கும். முதல் இரண்டு வருஷம் ரொம்ப வலிக்கும். ஆனால் ஜன்னலை மூடாதே. மூடினால் வலி குறையாது, பார்க்கக் கிடைக்கிறதும் போய்விடும். மைதானத்துக்குப் போ. போய், ஓரத்தில் நின்று பார். யாராவது நன்றாகப் போட்டால் கை தட்டு. நான் அன்றைக்குத் திருச்சியில் கைகூடத் தட்டவில்லை. முட்டிக்கு எண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லி உன் வீட்டுக்காரியிடம் சொல். குடோனில் மூட்டையைத் தூக்குகிறேன் என்று போகாதே.

போன வாரம் ஆச்சி நம் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் நம் வீட்டு வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. கண் சரியாகத் தெரியவில்லை, சுவரைத் தடவிக்கொண்டே வந்து பத்தாயத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த அடியில்லாத கொட்டான் இன்னும் அங்கேதான் தொங்குகிறது, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். எலுமிச்சம்பழம் எறிந்ததையும் சொன்னேன். திருச்சியில் சேதியைச் சொல்லாமல் வந்ததையும், ஏனோ வாய் தானாகத் திறந்து, அன்றைக்குச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

'நான் கேட்டது ஒரு முழுப் புள்ள' என்றார். 'நீங்க அரப் புள்ளயத்தான் கொடுத்தீங்க. மிச்சத்த ஒளிச்சு வச்சிக்கிட்டீங்க. ஒளிச்சு வச்சதயாச்சும் நீங்க வச்சு ஆண்டீங்களா, அதுவும் இல்ல.'

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொள்ளிப் பேச்சை அவரேதான் எடுத்தார். 'அன்னைக்கி அவன் வச்சிருந்தா நான் என்ன சொல்லப்போறேன்? பெத்தவளுக்கு வக்கிறான்னு நெனச்சுக்குவேன். என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?' என்றார்.

கேட்கவில்லை. ஆறு வருஷமாக எந்த மனுஷியின் மனசு நோகக் கூடாது என்று உன்னைத் தள்ளி நிறுத்தினேனோ, அந்த மனுஷி வந்து, கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனே என்கிறார். உன்னைக் கொடுக்கும்போது உன்னைக் கேட்கவில்லை. தள்ளி நிறுத்தும்போது ஆச்சியைக் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று நானாகவே ஒன்றை நினைத்துக்கொண்டு, அந்த நினைப்புக்கு என் பிள்ளையையும் பெண்டாட்டியையும் கொடுத்திருக்கிறேன். ஊர் ஒன்றுமே சொல்லவில்லை, மகனே. ஊருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. ஆச்சி போன பிறகு பத்தாயத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த வயதில் இவ்வளவு சத்தமாக அழ முடியும் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு உடம்பு சரியில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை, பயப்படாமல் இருக்கும்படியும் இல்லை. அன்னவாசல் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, கடைக்குப் போவதை இந்த மாதத்தோடு நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார். 'ஒங்களுக்கு அவனே கொள்ளி வக்கட்டும், பங்காளிகள்ட்ட நான் பேசிக்கிறேன்' என்று ஆச்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. நான் அதைக் கேட்கவில்லை. உன் தாய்க்கு வைக்க விடாமல் தடுத்துவிட்டு எனக்கு மட்டும் வை என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. யார் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

நான் கேட்பது வேறு. வாழ்நாளில் உன்னை ஒன்றுமே கேட்காதவன் இப்போது கேட்கிறேன். ஒரு தடவை வா. ஆச்சி வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து என்னையும் எட்டிப் பார்க்க வேண்டாம். நம் வீட்டுக்கு வா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உள் நிலையை உயர்த்திக் கட்ட ஆசாரியைக் கேட்டேன், மேலே சுவர் தாங்காது என்கிறான். அதனால் நீ குனிந்துதான் வரவேண்டியிருக்கும், அதற்கு என்னை மன்னித்துக்கொள். உள்ளே வந்த பிறகு வளவு முற்றத்தில் நிமிர்ந்து நிற்கலாம், அங்கே மேலே ஒன்றும் இல்லை, வானம்தான். கொட்டானில் உன் கையால் ஒரு எலுமிச்சம்பழம் போட்டுக் காட்டு. அவள் பார்க்காமல் போனதை நானாவது கண்ணை மூடாமல் பார்க்கிறேன்.

நீ வருவதற்குள் நான் போய்விட்டாலும் வா. முன்னால் வரப் பிடிக்கவில்லை என்றால் கூட்டத்திலேயே நில். உன் உயரத்துக்கு எங்கே நின்றாலும் தெரிவாய். இந்தத் தடவை உன்னைத் தள்ளி நிற்கச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. ஆனால் இந்த ஊரில் இப்போது புது ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள், உன்னைத் தெரியாதவன் எவனாவது பக்கத்தில் நின்றுகொண்டு, உன் கண்ணைப் பார்த்துவிட்டு, 'அவரு ஒங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்பான்.

திருச்சியில் நான் சொன்ன பதிலை நீ சொல்லிவிடாதே.

உன்
அப்பச்சி